அன்பும் அறிவும்: குழந்தைக் கட்டிலை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

அறவியல் நூல்கள் பெரும்பாலும் அரிய சந்தர்ப்பங்களையே உதாரணங்களாக எடுத்தாளுகின்றன. மூழ்கும் கப்பலின் தலைவன், ஆணைக்குப் பணிவதா மனச்சாட்சிக்குப் பணிவதா எனத் தடுமாறும் போர்வீரன், உண்மைக்காக உயிர்விடத் துணியும் ஞானி ஆகியோரே அவற்றின் பக்கங்களில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகின்றனர். ஆயின் மாந்தருட் பெரும்பாலோர் இத்தகைய சந்தர்ப்பம் ஒன்றையேனும் தம் வாழ்நாளிற் சந்திப்பதில்லை. அவர்களது அறவாழ்வு கடைத்தெருவிலும் அடுக்களையிலும் படுக்கையறையிலுமே நடந்து முடிகின்றது. பிறக்கவிருக்கும் குழந்தைக்கு ஒரு கட்டிலைத் தெரிந்தெடுத்து வாங்கி, அதனைப் பூட்டி நிறுத்துதல் அத்தகைய எளிய செயல்களுள் ஒன்று. அதனைச் சற்று உற்றுநோக்குமிடத்து, அறவியலின் கடினமான வினாக்களுள் ஒன்று அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். தம்மிடம் முற்றாக ஒப்படைக்கப்பட்ட ஓர் உயிர்மீது ஒருவர் கொண்டுள்ள அன்பு, அவ்வுயிருக்கு அவர் ஆற்றவேண்டிய கடமைக்குப் போதுமானதாகுமா என்பதே அவ்வினா.

தமிழர் இல்லங்களில் தொட்டில் என்றும் ஏணை என்றும் வழங்கப்பெறுவன தொங்கி ஆடுபவை. தாயின் கையும் கண்ணும் அருகிலிருக்கும் வேளைக்கு உரியவை. மேலைநாடுகளில் வழக்கிலுள்ள குழந்தைக் கட்டில் வேறுவகையானது. நாற்புறமும் மரச்சலாகைகள் நிரையாக நிறுத்தப்பட்டு, நடுவே மெத்தை இடப்பட்ட அக்கட்டிலிற் குழந்தை இரவு முழுவதும் கிடக்கின்றது. பெற்றோரும் அவ்வேளையில் உறங்கிவிடுகின்றனர். பார்ப்பார் எவருமில்லாத அந்நேரத்திற் பெற்றோரின் இடத்தில் நின்று காவல் செய்வது அக்கட்டிலே. அதன் குறைபாடுகளும் அவற்றைக் களைய எடுக்கப்பட்ட முயற்சிகளும் ஐக்கிய அமெரிக்காவில் விரிவாகப் பதிவு பெற்றிருப்பதால், அந்நாட்டு அனுபவத்தினின்று ஆராய்ச்சியைத் தொடங்குதல் பொருத்தமாகும்.

கதிரையொன்றை வாங்குபவர் அதில் தாமே அமர்ந்து பார்க்கிறார். அது ஆடினால் எழுந்து விடுகிறார். மறுநாட் கடைக்காரரிடம் முறையிடுகிறார். குழந்தைக் கட்டிலைப் பொறுத்தவரை வாங்குபவர் ஒருவர், பாவிப்பவர் வேறொருவர். பாவிப்பவருக்கோ தெரிவு செய்யும் ஆற்றலுமில்லை, முறையிடும் மொழியுமில்லை, ஆபத்தினின்று விலகும் வலிமையுமில்லை. பட்டறிவினாற் பாடம் கற்றல் என்பது இங்கு இயலாத காரியம். பாடம் கிடைக்கும் பொழுது மாணவன் உயிருடன் இருக்கமாட்டான். ஜெர்மனியிற் பிறந்த தத்துவஞானி ஹான்ஸ் யோனாஸ், 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட பொறுப்புணர்ச்சி பற்றிய தமது நூலிற் பச்சிளங் குழந்தையையே எல்லாப் பொறுப்புகளுக்கும் மூலமாதிரியாகக் கொண்டார். குழந்தை மூச்சுவிடுதல் ஒன்றே சூழ இருப்போர்மீது மறுக்கவியலாத ஒரு கடமையைச் சுமத்துகின்றது என்பது அவரது கருத்து. ஒப்பந்தத்தினாலோ கைம்மாறு கருதியோ அக்கடமை தோன்றுவதில்லை. ஆகவே அதனை அளக்கும் கோல், கொடுப்பவரின் உள்ளத்து நிறைவாக இருத்தல் இயலாது. பெறுபவரின் உடல் நலமாகவே இருத்தல் வேண்டும்.

இந்த அளவுகோலை மனங்கொண்டு கட்டிலை நோக்கினால், அதன் ஒவ்வோர் அளவும் ஓர் அறத்தீர்ப்பாகத் தோன்றும். ஐக்கிய அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்ட நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு, 1973இல் குழந்தைக் கட்டில்களுக்கான விதிகளைப் பிறப்பித்தது. சலாகைகளுக்கிடையிலான வெளி 2 3/8 அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 6 சென்ரிமீற்றருக்கு, மேற்படலாகாது என்பது அவற்றுள் ஒன்று. இவ்வெண்ணுக்குக் காரணம் குழந்தையின் உடலமைப்பாகும். பச்சிளங் குழந்தையின் இடுப்பும் மார்பும் நெகிழ்ந்து நுழையக்கூடிய இடைவெளியினூடாக அதன் தலை நுழைவதில்லை. கால்கள் முதலில் வழுகி வெளியே செல்ல, உடல் தொங்க, கழுத்து இடையில் அகப்பட்டுக்கொள்ளும். மெத்தைக்கும் பக்கச் சலாகைகளுக்கும் நடுவே இரு விரல்களுக்கு மேல் நுழைய இடமிருத்தலாகாது என்பதும், மூலைக்கால்கள் மேற்சட்டத்துக்கு மேலே துருத்தி நின்று குழந்தையின் உடையைக் கொளுவிப் பிடித்தலாகாது என்பதும் இவ்வாறே வந்த விதிகளாம். இவ்விதிகள் எவருடைய கற்பனையிலும் உதித்தனவல்ல. எங்கோ ஒரு வீட்டில், ஒரு விடியற்காலையில், ஒரு தாய் கண்ட காட்சியே ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிற்கின்றது.

அன்புக்கும் அறிவுக்கும் இடையிலான முரண்பாடு மிகத் தெளிவாக வெளிப்படுவது கட்டிலை அலங்கரிக்கும் விடயத்திலாகும். குழந்தைக்காகக் காத்திருக்கும் குடும்பம், கட்டிலை இயன்றவரை மென்மையாக்க விரும்புதல் இயல்பு. பஞ்சு நிறைந்த தலையணை, தடித்த போர்வை, துணிப் பொம்மைகள், சலாகைகளை மறைத்துக் கட்டும் பக்கத்திண்டுகள் என அன்பு பொருள்களாகத் திரள்கின்றது. ஆயின் தலையைத் திருப்பவோ முகத்தின்மீது விழுந்ததை அகற்றவோ வலுவில்லாத குழந்தைக்கு இவை ஒவ்வொன்றும் மூச்சை அடைக்கவல்லவை. பக்கத்திண்டின் வரலாறு குறிப்பிடத்தக்கது. சலாகைகள் அகன்ற இடைவெளியுடன் அமைந்த காலத்தில் அவ்விடைவெளியை மறைப்பதற்கு அது பயன்பட்டது. இடைவெளி குறுகியபின் அதன் தேவை ஒழிந்தது; வழக்கமோ ஒழியவில்லை. அழகுப் பொருளாகவும் அன்பின் அடையாளமாகவும் அது பல்லாண்டுகள் விற்பனையாயிற்று. 2022ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்கா அதனைச் சட்டத்தினாற் தடை செய்தது. உறுதியான மெத்தை, அதன்மேல் இறுகப் பொருந்திய ஒரு விரிப்பு, அதன்மேல் மல்லாந்து கிடக்கும் குழந்தை. இவற்றையன்றி வேறெதுவும் கட்டிலில் இருத்தலாகாது என்பதே இன்றைய மருத்துவ அறிவின் முடிபு. பார்ப்பவர் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றும் கட்டிலே குழந்தைக்கு நிறைவானது. இவ்வெறுமையைச் சகித்துக்கொள்ளுதலும் அன்பின் ஒரு வடிவமே. ஆயின் அதனைக் கற்றுத்தான் அறியவேண்டியுள்ளது.

இங்கு ஓர் எதிர்வினா எழும். நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட ஒரு செயல் தீங்கில் முடியின், செய்தவர் குற்றவாளியாவாரா? ஆங்கிலேயக் கணித அறிஞரும் தத்துவஞானியுமான வில்லியம் கிளிஃபோர்ட், நம்பிக்கையின் ஒழுக்கவியல் பற்றி 1877இல் எழுதிய கட்டுரையில் இவ்வினாவை ஒரு கப்பற் சொந்தக்காரனின் கதைமூலம் ஆராய்ந்தார். கப்பல் பழுதுற்றிருக்கலாம் என்ற ஐயம் அவனுக்கு எழுகின்றது. பல பயணங்களைப் பழுதின்றி முடித்த கப்பல் இதனையும் முடிக்கும் எனத் தன்னைத் தேற்றி, உளமார நம்பி, பயணிகளை ஏற்றி அனுப்புகின்றான், கப்பல் மூழ்குகின்றது. அவனது நம்பிக்கை உண்மையானதே எனினும், ஆராயாமல் நம்புவதற்கு அவனுக்கு உரிமையில்லை என்றார் கிளிஃபோர்ட். கப்பல் மூழ்காது கரைசேர்ந்திருப்பினும் அவனது குற்றம் இம்மியும் குறையாது என அவர் மேலும் கூறியது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மூத்த பிள்ளைகள் மூவரும் இக்கட்டிலில்தான் வளர்ந்தனர், ஒன்றும் நேரவில்லை என்று கூறும் குடும்பத்தவர் எங்குமுளர். கரைசேர்ந்த கப்பலையே அவர்கள் சான்றாகக் காட்டுகின்றனர்.

எனினும் கிளிஃபோர்டின் தீர்ப்பு முழுமையானதெனக் கொள்ளல் இயலாது. ஆராய்ந்தவர்களும் தவறியதுண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பொக் 1946இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல், பல இலட்சம் இல்லங்களில் வழிகாட்டியாக விளங்கியது. அதன் 1950களின் பிற்பகுதிப் பதிப்பு முதலாக, குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தல் நன்றென அறிவுரை கூறப்பட்டது. மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தி எடுப்பின் மூச்சுத் திணறும் என்ற அச்சமே அதற்குக் காரணம். மேலைநாட்டு மருத்துவர் பலரும் அவ்வாறே கூறினர். பெற்றோர் ஐயுற்றனர், வினவினர், தம் காலத்தின் சிறந்த நூலைப் படித்து அதன்படி நடந்தனர். கப்பற்காரனைப் போல் அவர்கள் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் அவ்வறிவுரை தவறானது. குப்புறக் கிடத்தலுக்கும் துயிலில் நேரும் திடீர் மரணத்துக்கும் தொடர்புண்டு என்பதை 1970ஆம் ஆண்டளவிற் கிடைத்த தரவுகளே காட்டியிருக்கும் என்று, அவற்றை ஒன்றுதிரட்டி 2005இல் வெளியான ஓர் ஆய்வு முடிவுசெய்தது. அவை அன்றே முறையாகத் தொகுத்து ஆராயப்பட்டிருப்பின், பிரித்தானியாவில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரலேசியா ஆகிய பகுதிகளிற் குறைந்தது 50,000 குழந்தைகளும் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்பது அவ்வாய்வின் மதிப்பீடு. பிரித்தானியாவில் 1991இலும் ஐக்கிய அமெரிக்காவில் 1994இலும் குழந்தையை மல்லாந்து கிடத்துமாறு பிரசாரம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் அடுத்த பத்தாண்டுகளுக்குள் இத்தகைய மரணங்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன.

இதனால் அறியப்படுவது யாது? பெற்றோர் ஆராயக் கடமைப்பட்டவர். ஆயின் ஆராய்ச்சிக்கு வேண்டிய அறிவைத் தனியொரு வீடு தன்னுள்ளிருந்து தோற்றுவித்தல் இயலாது. ஒரு குடும்பத்திற் பிறக்கும் குழந்தைகள் சிலரே. ஆயிரத்தில் ஒன்றாக, பதினாயிரத்தில் ஒன்றாக நிகழும் ஆபத்து அக்குடும்பத்தின் பட்டறிவுக்கு எட்டாது. அதனை எண்ணிக் கணக்கிட்டு அறிய ஒரு சமுதாயம் வேண்டும். இவ்வுண்மை பண்டும் ஓரளவு உணரப்பட்டிருந்தது. இத்தாலிய நகரமான புளோரன்ஸில், பாலூட்டும் செவிலியர் உறக்கத்திற் புரண்டு குழந்தையை நசுக்கிவிடாதிருக்க, குழந்தையின்மேல் வளைவாக நிற்கும் மரச்சட்டகம் ஒன்று பயன்பட்டது. அதனைப் பயன்படுத்தாத செவிலியர் திருச்சபையினின்று விலக்கப்படுவர் என்ற கட்டுப்பாடு இருந்ததாக, 1732ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்த குறிப்பொன்று கூறுகின்றது. குழந்தை துயிலும் இடம் தனிவீட்டின் விடயமன்று, ஊரின் விடயம் என்ற கருத்து அதிலுண்டு. ஆயின் கடமை முழுவதும் கூலிக்குப் பாலூட்டும் ஏழைப் பெண்ணின் தலையிற் சுமத்தப்பட்டமையும் அதிலுண்டு.

அறிவு உண்டாதல் ஒன்று; அது உரியவரைச் சென்றடைதல் வேறொன்று. 1998ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில், ஒன்றரை வயதும் நிரம்பாத ஓர் ஆண்குழந்தை, பகற்பொழுதிற் பராமரிக்க விடப்பட்ட வீட்டில் இறந்தது. அது உறங்கிய மடிப்புக் கட்டிலின் மேற்சட்டங்கள் உட்புறமாகச் சரிந்து கழுத்தை நெரித்தன. அக்கட்டில் ஆபத்தானதெனக் கண்டறியப்பட்டு, சந்தையிலிருந்து மீளப்பெறுமாறு 1993இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. ஐந்தாண்டுகளாக அவ்வறிவிப்பு அந்த வீட்டை எட்டவில்லை. குழந்தையின் பெற்றோர் இருவரும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கல்வி மிக்கோருக்கும் எட்டாத செய்தி ஏனையோரை எவ்வாறு எட்டும்? அவர்களது இடையறாத முயற்சியும் காரணமாக, 2008ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. குழந்தைகளுக்கான கட்டில் முதலிய பொருள்களை உற்பத்தி செய்வோர், வாங்குவோரின் முகவரியைப் பதிவு செய்யும் அட்டையைப் பொருளுடன் இணைத்தல் வேண்டும்; ஆபத்து அறியப்படின் நேரே அறிவித்தல் வேண்டும். இறந்த குழந்தையின் பெயரையே அப்பிரிவு தாங்கியுள்ளது. அறிந்தவர் அறியாதவரைத் தேடிச் சென்று கூறக் கடமைப்பட்டவர் என்ற அறநெறி, ஓர் அட்டையின் வடிவிற் சட்டமாகியது எனலாம்.

இனி, விலை பற்றிய வினாவை நோக்குதல் வேண்டும். பாதுகாப்பு என்பது பணம் கொடுத்துக் கூடுதலாகவோ குறைவாகவோ வாங்கத்தக்க பண்டமா? மரத்தின் தரம், செதுக்கு வேலை, வர்ணம் ஆகியன அத்தகையன. செல்வர் மிகுதியாகவும் வறியோர் குறைவாகவும் அவற்றைப் பெறுவதனாற் குழந்தைக்குத் தீங்கில்லை. சலாகைகளின் இடைவெளி அத்தகையதன்று. வறியவரின் குழந்தைக்குத் தலை சிறிதாக இருப்பதில்லை. எனவே பாதுகாப்பின் அடிமட்டம் சந்தைப் பேரத்துக்கு அப்பாற்பட்டதாக இருத்தல் வேண்டும். ஒரு நாட்டிற் புதிதாக விற்கப்படும் கட்டில்கள் யாவும் ஒரே விதிக்கு உட்படும்பொழுது, மிக மலிந்த கட்டிலும் மிக உயர்ந்த விலைக் கட்டிலும் இவ்வொரு விடயத்திற் சமமாகின்றன. அலங்காரமற்ற, நிலையான நான்கு பக்கங்களையுடைய எளிய கட்டில் விலையிலும் குறைந்தது. கழன்று விழக்கூடிய உறுப்புகளும் அதிற் குறைவு. விலை உயர்ந்ததே பாதுகாப்பானது என்ற எண்ணம், பெற்றோரின் அச்சத்தை வணிகமாக்குவோருக்கே பயன்படுகின்றது.

ஆனாற் சட்டம் மாத்திரம் இச்சிக்கலைத் தீர்த்துவிடாது. ஒரு பக்கத்தை ஏற்றி இறக்கத்தக்க கட்டில்கள் அமெரிக்காவில் நெடுங்காலம் விரும்பி வாங்கப்பட்டன. அவற்றின் உறுப்புகள் உடைய, பக்கம் சாய்ந்து, மெத்தைக்கும் அதற்கும் இடையில் ஏற்பட்ட வெளியிற் குழந்தைகள் சிக்குண்டன. 2000ஆம் ஆண்டு முதல் 2010 வரை குறைந்தது 32 மரணங்கள் இவ்வமைப்புடன் தொடர்புடையன என ஆணைக்குழு கணித்தது. 2011 யூன் 28 முதல் அவற்றின் உற்பத்தியும் விற்பனையும் மட்டுமன்றி, பாவித்த கட்டில்களை மீள விற்றலும் தடை செய்யப்பட்டது. பிறருக்குக் கொடையாக அளித்தலும் ஆகாதென அறிவுறுத்தப்பட்டது. பாவித்த கட்டிலையே நம்பியிருக்கும் குடும்பங்கள் என்ன செய்யும் என்ற வினா நியாயமானது. கட்டில் இல்லாத வீட்டிற் குழந்தை சோபாவிற் கிடத்தப்படின், அதன் ஆபத்துக் குறைபாடுள்ள கட்டிலின் ஆபத்தினும் மிகுதியாதல் கூடும். தீயதைத் தடுத்தல் அரைக் கடமையே. நல்லதைக் கிடைக்கச் செய்தல் எஞ்சிய அரை.

இவ்வெஞ்சிய பாதியை ஒரு வறிய நாடு தன் வறுமைக் காலத்திலேயே மேற்கொண்டமைக்குப் பின்லாந்து சான்று. அங்கு 1938இல் குறைந்த வருமானமுள்ள தாய்மாருக்கு மகப்பேற்று உதவி வழங்கத் தொடங்கினர். 1949இல் வருமான வேறுபாடின்றி எல்லாத் தாய்மாருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கருவுற்ற முதல் நான்கு மாதங்களுக்குள் மருத்துவ ஆலோசனை பெறுதல் வேண்டுமென்பதே நிபந்தனை. குழந்தைக்கு வேண்டிய உடைகளும் துணிகளும் அடங்கிய கடதாசி அட்டைப் பெட்டியாக அவ்வுதவி வரும். அதன் அடியில் மெத்தையை விரித்தால், அப்பெட்டியே குழந்தையின் முதற் படுக்கையாகும். பின்லாந்திற் குழந்தை மரணம் குறைந்தமைக்கு மருத்துவப் பராமரிப்பு உள்ளிட்ட பல காரணங்களுண்டு. பெட்டி ஒன்றையே காரணமாகக் காட்டுதல் மிகையாகும். ஆயின் அறவியல் நோக்கில் அப்பெட்டியின் சிறப்பு வேறு. மேலே நோக்கிய பக்கத்திண்டுக்கு நேர்மாறாக, அதில் அலங்காரமில்லை, தேவையுண்டு. செல்வரின் குழந்தையும் தொழிலாளியின் குழந்தையும் ஒரே பெட்டியைப் பெறுவதால், அது பிச்சையாகாது உரிமையாகின்றது.

அறிவைத் திரட்டுதல் சமுதாயத்தின் கடமை என்றும், அதனை எட்டச்செய்தல் உற்பத்தியாளரினதும் அரசினதும் கடமை என்றும் கொண்டாற் பெற்றோருக்கு எஞ்சுவது யாது? கட்டிலைப் பூட்டுதல் எஞ்சுகின்றது. ஆராய்ந்து இயற்றப்பட்ட விதிகள் அனைத்தும், ஒரு மாலைப்பொழுதில், களைப்புற்ற ஒருவரின் கையிலுள்ள திருகாணியை வந்தடைகின்றன. மீளப்பெறப்பட்ட கட்டில்களுட் சில, பக்கத்தைத் தலைகீழாகப் பூட்ட இடமளித்தவை; அவ்வாறு பூட்டியவர்கள் எவரும் அன்பிற் குறைந்தவரல்லர். தொலைந்த திருகாணிக்குப் பதிலாகக் கைக்கு அகப்பட்டதை முடுக்குதலும், உடைந்த சலாகையைக் கயிற்றாற் கட்டுதலும் ஏனைய தளபாடங்களிற் சிக்கனமாகப் பாராட்டப்படலாம். இங்கு அது கூடாது. அறிவுறுத்தற் தாளை முதலிலிருந்து இறுதிவரை படித்தல், ஒவ்வொரு மூட்டையும் அசைத்துப் பார்த்தல், மாதங்கள் செல்லத் தளரும் திருகாணிகளை மீண்டும் முடுக்குதல், குழந்தை எழுந்து அமரத் தொடங்கியதும் மெத்தையின் தளத்தைத் தாழ்த்துதல் ஆகியவற்றை எந்த அரசும் வீட்டினுள் வந்து செய்ய இயலாது. இவற்றுள் வீரமெதுவும் இல்லை. செய்தவரை எவரும் புகழப்போவதுமில்லை. சரியாகச் செய்யப்பட்டதன் விளைவு, ஒன்றும் நேராமையே.

எனவே தொடக்கத்தில் எழுப்பப்பட்ட வினாவுக்கு விடை இவ்வாறு அமைகின்றது. அன்பு போதாது, ஆயின் அன்பின்றி அறிவைத் தேடுவாருமில்லை, தேடிய அறிவைத் திருகாணி வரை கொண்டுசெல்வாருமில்லை. அறியக்கூடியதை அறிய முயலாத அன்பு, தன் மகிழ்ச்சியையே குழந்தையின் நலமெனக் கருதி மயங்குகின்றது. அறிந்ததை அயலாருக்கு எட்டச்செய்யாத சமுதாயமோ, தன் குழந்தைகளுள் ஒரு பகுதியினரைத் தற்செயலிடம் ஒப்படைக்கின்றது. 6 சென்ரிமீற்றர் என்ற ஓர் எண், பெயரறியாத பல குழந்தைகள் விட்டுச்சென்ற முதுசம். அம்முதுசத்தைப் பெற்ற குழந்தை அதனை அறியாது. கட்டிலைப் பூட்டியவருக்கு நன்றி கூறவும் மாட்டாது. விடியற்காலையிற் கண்விழித்து அழும். அவ்வழுகை கேட்டு எழுந்து செல்லும் பெற்றோருக்கு அதனினும் மேலான கைம்மாறு வேண்டியதில்லை.